நாற்பது ஜாக்கெட்டுக்கும் ஒரே நம்பர்

"அசலா போலியா என்று சந்தேகம் உள்ள சரக்குக்கு, பின்னால் நமக்குப் பிரச்சினை வராதபடி விவரம் எழுதுவது எப்படி?"

ஏல வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் சேர்ந்து எனக்கு அனுப்பிய கேள்வி இது. படித்ததும் கோபம் வந்தது. உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி. இதே கேள்வியை நானும் ஒரு நாள் மேனேஜர் அறையில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறேன். அருமையான பதில் கிடைத்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பதினொரு பேரைக் கடலுக்கு அனுப்பப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன், கேளுங்கள். சுருக்கமாகச் சொல்ல மாட்டேன்.

நான் வேலை பார்த்தது அந்தமானில், போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏலக் கம்பெனியில். மூடிப்போன ரிசார்ட்டின் கட்டில், மெத்தை, காண்ட்ராக்டர்களிடம் தங்கிப்போன சாமான், படகு எஞ்சின், ஜெனரேட்டர் எல்லாம் எங்கள் குடோனுக்கு வரும். பெட்டியைப் பிரித்து, படம் எடுத்து, விவரம் எழுதி இணையத்தில் ஏற்றுவது என் வேலை. வாங்க நினைப்பவர்கள் கேள்விப் பெட்டியில் ஏதாவது கேட்டால் பதில் போடுவதும் நான்தான்.

மெயின்லேண்டில் இந்த வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாங்குகிறவன் பஸ் ஏறி வந்து சரக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான். இங்கே அது நடக்காது. தெற்குக் கோடியில், கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் இருப்பவர் வந்து பார்க்க வேண்டுமென்றால் கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டும், கடல் விட வேண்டும், போக வர ஒரு வாரம் போய்விடும். அதனால் நாம் போடும் படத்தையும் எழுதும் நாலு வரியையும் நம்பித்தான் அவர்கள் விலை கேட்கிறார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ரத்தினம் என்று ஒரு காண்ட்ராக்டர். நீர் விளையாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக மெயின்லேண்டிலிருந்து நாற்பது லைஃப் ஜாக்கெட் வரவழைத்திருந்தார். சரக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. எங்களிடம் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிறம், பிரிக்காத கவர், பெயர் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனியின் லேபிள், அதன் கீழே அங்கீகார முத்திரை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நல்ல லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றுக்கும் தனி சீரியல் நம்பர் இருக்கும். முதல் ஜாக்கெட்டின் நம்பரை எழுதிக்கொண்டு இரண்டாவதைத் திருப்பினேன். அதே நம்பர். மூன்றாவதிலும் அதே நம்பர். உட்கார்ந்து நாற்பதையும் பிரித்துப் பார்த்தேன். நாற்பதிலும் ஒரே நம்பர். தோள்பட்டையில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது.

ரத்தினத்துக்குப் போன் போட்டேன். தன்னிடம் பில் இருக்கிறது, விற்றவன் ஒரிஜினல் என்று சொல்லித்தான் விற்றான், அதற்கு மேல் தான் ஆராய்ச்சியா பண்ண முடியும் என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. இந்தப் பேச்சை நீங்களும் தினம் கேட்பீர்கள். எனக்கு விற்றவன் சொன்னான், அவனுக்கு விற்றவன் சொன்னான் என்று ஒவ்வொருவராகப் பின்னால் கை காட்டுவார்கள். அசல் என்று சொல்லி விற்கிறவன் அது அசல் என்று காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. இதைச் சொல்லிச் சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மேனேஜரிடம் போனேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மாதம் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அன்றைக்கு நிதானமாக எனக்குப் புரிய வைத்தார். "நாம போலின்னு எழுதி, அது ஒரிஜினலா இருந்துட்டா ரத்தினம் கேஸ் போடுவார். ஒரிஜினல்னு எழுதி, போலியா இருந்தா வாங்கினவர் போடுவார். நமக்கு எதுக்கு மேடம் ரெண்டும்? 'விற்பவர் கூற்றுப்படி'ன்னு ஆரம்பிங்க. 'உள்ளது உள்ளபடி'ன்னு முடிங்க. சல்தா ஹை, இதெல்லாம் ஓடும்."

நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இதுதான். இன்றைக்கும் எல்லாக் கம்பெனியிலும் இதே பதில்தான் சொல்வார்கள். "உள்ளது உள்ளபடி" என்பது கீறல் விழுந்த மேஜைக்கும், சத்தம் போடும் ஃபேனுக்கும் எழுத வேண்டியது. கண்ணால் பார்த்த பொய்யை மூடி வைக்க அந்த இரண்டு வார்த்தையைப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைக்கு வரவில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. மனசு கேட்காமல் ஒரு காரியம் மட்டும் செய்தேன். குடோன் வாசலில் ஒரு நீல டிரம் நிறையத் தண்ணீர் இருக்கும். ஜாக்கெட் ஒன்றில் இரும்புத் துண்டைக் கட்டி அதில் போட்டேன். மிதந்தது. ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன், மிதந்துகொண்டே இருந்தது. அப்பாடா என்று எடுத்துக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து எழுத உட்கார்ந்தேன். அந்த ஐந்து நிமிடமும் நான் தேடியது என்னுடைய நிம்மதியை. சோதனை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

ஏலம் தொடங்கிய மறுநாள் கேள்விப் பெட்டியில் தமயந்தி என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தது. ஊர் கேம்பல் பே. "இது ஒரிஜினலா? நீங்க கையில எடுத்துப் பாத்தீங்களா?"

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பார்த்தேன், நாற்பதிலும் ஒரே நம்பர் இருக்கிறது என்று ஒரு வரி. நான் எழுதியது: "விற்பவர் கூற்றுப்படி அசல். வாங்குபவர் நேரில் பார்வையிட்டு உறுதி செய்துகொள்ளலாம்." கிரேட் நிக்கோபாரில் இருக்கும் ஒரு பெண்ணிடம் போர்ட் பிளேருக்கு நேரில் வந்து பார் என்று எழுதினேன். அவள் விடவில்லை. லேபிளைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள் என்று கேட்டாள். போட்டேன். ஒரே ஒரு ஜாக்கெட்டின் லேபிள். இரண்டை அருகருகே வைத்து எடுத்திருந்தால் அந்தப் பெண் அந்த நிமிடமே விலகியிருப்பாள். எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், இந்த இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் நாக்கு புரளவில்லை.

ஏலம் அவளுக்கே முடிந்தது. ஜாக்கெட்டுகள் கப்பல் ஏறின.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் முற்பகலில் அவளிடமிருந்து போன் வந்தது. அவள் யார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கேம்பல் பேயில் குடியேறிய ராணுவத்துக்காரர் ஒருவரின் மகள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அப்பாவுக்குப் பிறகு இரண்டு படகுகளை அவள்தான் ஓட்டுகிறாள். சாலை இல்லாத கரையோரத் தென்னந்தோப்புகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை, அவர்களுடைய மூட்டையோடும் பிள்ளைகளோடும் ஏற்றி இறக்குகிற படகுகள். பழைய ஜாக்கெட்டில் பாதி கிழிந்துபோனதால்தான் ஏலத்தில் கேட்டிருக்கிறாள்.

சரக்கு வந்த மறுநாள் காலையிலேயே புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்றிருக்கிறார் படகோட்டி. தமயந்தி நிறுத்தி வைத்தாள். ஒரு சாக்கில் மணலைக் கட்டி, அதற்கு ஒரு ஜாக்கெட்டை மாட்டி, கயிற்றோடு படகுத் துறையிலிருந்து கடலில் இறக்கினாள். மிதந்தது. "டீக் ஹை தீதி, நல்லாத்தான் இருக்கு, கிளம்பலாம்" என்றாராம் அவர். அவள், அது கிடக்கட்டும், இன்றைக்குப் பழைய ஜாக்கெட்டிலேயே பாதிப் பேரை மட்டும் கூட்டிப் போ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். சமைத்து, சாப்பிட்டு, மதியம் திரும்பி வந்து பார்த்தபோது கயிறு நேராகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இழுக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. கத்தியால் கிழித்துப் பார்த்தால், உள்ளே டிவிப் பெட்டியில் சுற்றி வருகிற மாதிரி பேக்கிங் ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாக அடைத்து வைத்திருந்தார்கள். அத்தனையும் தண்ணீர் குடித்து ஊறிப்போயிருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் கேட்டாள். "மேடம், நான் சண்டை போடப் போன் பண்ணல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

விற்பவர் கூற்றுப்படி என்று ஆரம்பித்தேன். பழகிப்போன வாய்.

"அவர் கூற்று எனக்கு வேண்டாம். நான் உங்களைத்தான் கேக்கறேன். அன்னிக்கும் உங்களைத்தான் கேட்டேன்."

சந்தேகம் இருந்தது என்றேன். எல்லாவற்றிலும் ஒரே நம்பர் இருந்தது என்றும் சொன்னேன்.  

"அன்னிக்குக் காலைல போட்ல ஏற வேண்டியவங்க பதினொரு பேரு. அதுல ஒண்ணு கைக்குழந்தை" என்றாள். பிறகு, "விலையைப் பாத்தப்பவே எனக்கும் உறுத்துச்சு. ஒரிஜினல் இந்த விலைக்கு வராதுன்னு தெரியும். வந்தவரைக்கும் லாபம்னு கண்ணை மூடிக்கிட்டேன். என் தப்பை நான் ஒத்துக்கறேன் மேடம். உங்க தப்பை நீங்க ஒத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வாங்குகிறவரின் பொறுப்பு என்ன என்று உங்களுக்குப் பயிற்சியில் பக்கம் பக்கமாகக் கொடுத்திருப்பார்கள். இந்தப் பெண் கேட்க வேண்டியதைக் கேட்டாள், படம் கேட்டாள், ஆளுக்கு மாட்டும் முன் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள், தவறிய இடத்தைத் தானே சொன்னாள். அவள் அளவுக்குக் கூட நான் என் வேலையைச் செய்யவில்லை.

மேனேஜர் மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பி அனுப்பினார். தமயந்தி கிழித்ததையும் இன்னொன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஊறாத முப்பத்தெட்டைக் கப்பலில் ஏற்றி விட்டாள். ரத்தினம் வாங்கிக்கொள்ள மறுத்தார். ஒரு வாரம் குடோனில் கிடந்தது. அப்புறம் மேனேஜர் மறுபடி ஏலத்தில் போடச் சொன்னார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து, இந்தத் தடவை உங்கள் இஷ்டப்படியே எழுதுங்கள் மேடம், நான் ஒரு எழுத்தைக் கூட மாற்ற மாட்டேன் என்றார்.

எழுதினேன். "போலி லைஃப் ஜாக்கெட்டுகள், முப்பத்தெட்டு. உள்ளே பேக்கிங் ஸ்பாஞ்ச். முதலில் மிதக்கும், சில மணி நேரத்தில் மூழ்கும். உயிர் காக்க உதவாது." நாற்பதிலும் ஒரே நம்பர் இருந்ததையும் எழுதி, லேபிள்களை வரிசையாக வைத்துப் படமும் போட்டேன். எனக்கு ரொம்பப் பெருமை. ஒருவரும் கேட்க மாட்டார்கள், சரக்கு செத்தது என்று நினைத்தேன்.

மூன்று பேர் கேட்டார்கள். விலை ஏறிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் காலை, ஏலம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அதிகம் கேட்டிருந்தவருக்குப் போன் போட்டேன். விஸ்வம் என்று பெயர், சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். ஒருவேளை படிக்காமல் கேட்டுவிட்டாரோ என்று நினைத்து விவரத்தைப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாப் படிச்சுட்டுத்தான் மேடம் கேட்டேன். எனக்கு எண்ணிக்கைக்கு ஜாக்கெட் வேணும். செக் பண்ண வர்ற ஆபீசருங்க எத்தனை இருக்குன்னுதான் பாப்பாங்க. இருபது நிமிஷப் பயணம். டூரிஸ்ட் போட்டோ எடுத்துட்டுக் கழட்டி வெச்சிருவாங்க. இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆனதில்ல."

"உங்க பிள்ளைங்களுக்கு இதை மாட்டி விடுவீங்களா?" என்று கேட்டேன்.

"என் பசங்க போட்ல வர்றதில்ல மேடம்" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.  ரத்தினத்தின் மேல் வந்ததை விட, மேனேஜரின் மேல் வந்ததை விட, இந்த மனிதன் மேல் வந்த கோபம் வேறு மாதிரி இருந்தது. அவர்களாவது தெரியாத மாதிரி நடித்தார்கள்.

மேனேஜரிடம் ஓடினேன், ஏலத்தை நிறுத்துங்கள் என்றேன். விலை கேட்ட பிறகு நிறுத்தினால் அது நாம் விதியை மீறியதாகும் என்றார் அவர். "நீங்களே எல்லாத்தையும் எழுதிட்டீங்க. தெரிஞ்சுதான் வாங்கறான். இதுக்கு மேல நம்ம பொறுப்பு என்ன இருக்கு?"

"வாங்கறவனுக்குத் தெரியும் சார். போட்டுக்கப் போறவங்களுக்கு யார் சொல்லுவா?" என்றேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைத்தான் நான் அதுவரை யோசிக்கவில்லை. விற்பவர் பொறுப்பு, வாங்குபவர் பொறுப்பு என்று இரண்டு கட்டம் போட்டு நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் உட்காரப் போகிறவர் இரண்டு கட்டத்திலும் இல்லை. அவர் நம் பக்கத்தைத் திறந்து பார்க்கப் போவதும் இல்லை. போலி செருப்பு என்றால் உண்மையை எழுதி விற்றுத் தொலையலாமா என்று நீங்கள் சட்டம் பேசலாம். அதுவும் குற்றம்தான், அதற்கு வேறு நாள் சண்டை போடுவோம். உயிரைத் தாங்க வேண்டிய சாமானைப் போலி என்று உண்மையாக எழுதினாலும் விற்கக் கூடாது. நான் உண்மையை எழுதி, அதைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு வழி காட்டியிருந்தேன்.

குடோனுக்குப் போய் பெட்டி அறுக்கும் கத்தியை எடுத்தேன். முப்பத்தெட்டையும் கிழித்துப் போட்டுவிடுவது என்று முடிவு. முதல் ஜாக்கெட்டைப் பிடித்தபோது என்ன தோன்றியதோ, தமயந்திக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"வெட்டாதீங்கக்கா" என்றாள். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "வெட்டிட்டா, நல்ல ஜாக்கெட்டை நாசம் பண்ணிட்டாங்கன்னு நாளைக்கு அவங்களே சொல்லுவாங்க. அப்படியே கொண்டுபோய்ப் போலீஸ்ல குடுங்க. நான் வந்து சொல்றேன்."

கத்தியை வைத்துவிட்டு மேலே வந்தேன். என் லாகினில் போய் ஏலத்தை நிறுத்தினேன். காரணம் எழுதும் இடத்தில், என் பெயரையும் போட்டு, இது என் முடிவு என்று எழுதினேன். ஒரு கூட்ஸ் ஆட்டோ பிடித்து மூட்டைகளை ஏற்றினேன். மேனேஜர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷனில் இருந்தேன்.

அதிகாரி மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "யாராவது இறந்தாங்களா?" என்றார்.

"யாரும் சாகல சார்."

"அப்போ யாருக்காகப் புகார்?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கியவருக்குப் பணம் திரும்பக் கிடைத்துவிட்டது. விற்றவரிடம் பில் இருக்கிறது. விஸ்வம் இன்னும் வாங்கவே இல்லை. பாதிக்கப்பட்டவர் பெயர் என்று இருக்கும் இடத்தில் எழுத அவருக்கு ஒரு பெயர் இல்லை. மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுத்துப் போங்கள் என்றார். யாராவது சாகும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்டால் வெளியே அனுப்பிவிடுவார் என்று தெரிந்ததால், ஒரு ஜாக்கெட்டை உங்கள் தண்ணீர்த் தொட்டியில் போட அனுமதியுங்கள், சாயங்காலம் வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டேன். என்னைச் சமாளிக்க அதுவே வழி என்று நினைத்திருப்பார். சரி என்றார்.

பின்பக்கத் தொட்டியில், செங்கல்லைக் கட்டி இறக்கினோம். மிதந்தது. கூட வந்த கான்ஸ்டபிள், "மிதக்குதே மேடம்" என்றார். நானும் அப்படித்தான் ஏமாந்தேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் போனது, மழை ஒரு தடவை பெய்து விட்டது.  நாலரை மணிக்குக் கான்ஸ்டபிள் தொட்டிப் பக்கம் போனவர் அதிகாரியைக் கூப்பிட்டார். ஜாக்கெட் கண்ணில் படவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு அதிகாரியே கையை விட்டு இழுத்தார். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், பேன்ட் எல்லாம் தண்ணீர்.

"இது மாதிரி இன்னும் எங்க இருக்கு?" என்று கேட்டார். ரத்தினத்தைத்தான் கேட்க வேண்டும் என்றேன். உள்ளே போய்ப் புகாரை எழுத ஆரம்பித்தார்.

ரத்தினத்தின் இடத்தில் இன்னும் இரண்டு பெட்டி கிடைத்தது. விஸ்வத்தின் மேல் எதுவும் வரவில்லை. வாங்காத சாமானுக்கு என்ன செய்ய முடியும்? அவர் படகு இன்றைக்கும் ஓடுகிறது. எனக்குக் கம்பெனியிலிருந்து, அதிகாரத்தை மீறினேன் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்கு மேல் அங்கே இருக்கப் பிடிக்காமல், காலத்துக்கு முன்பே வேலையை விட்டேன். உயிர்காப்புச் சாமான்களை ஏலத்துக்கு எடுப்பதில்லை என்று அதற்குப் பிறகு மேனேஜர் விதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. சாட்சி சொல்லப் போனபோது ரத்தினத்தின் வக்கீல் நல்ல கேள்வியாகக் கேட்டார். நாற்பதிலும் ஒரே நம்பர் என்று முதலில் பார்த்தது நீங்கள், பார்த்த பிறகும் அசல் என்று பதில் எழுதியது நீங்கள், அப்படியானால் அந்தப் பெண்ணை ஏமாற்றியது யார் என்றார். அதோடு நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்தார்.

"ரெண்டு பேரும்" என்றேன். "அவர் போலியை வித்தார். நான் தெரிஞ்சு மறைச்சேன். ரெண்டையும் எழுதிக்குங்க."

அவர் தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். 

வெளியே தமயந்தி நின்றிருந்தாள். கிழித்த ஜாக்கெட்டைச் சாட்சிப் பொருளாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மறுநாள்தான் அவளுக்குக் கப்பல். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, புது ஜாக்கெட் வாங்கணும், கூட வர்றீங்களாக்கா என்று கேட்டாள். பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடைக்காரர் நாங்கள் ஒவ்வொரு கவராகப் பிரிக்கச் சொல்வதைப் பார்த்து அலுத்துக்கொண்டார். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே சரக்கு, ஒன்றைப் பார்த்தால் போதாதா, இப்படி முழுசையும் பிரித்தால் நான் எப்படி வியாபாரம் பண்ணுவது என்றார்.

தமயந்தி கீழே உட்கார்ந்து அடுத்த கவரை அவர் பக்கம் தள்ளினாள்.

"பிரிங்க" என்றாள்.